சோலார் சிமுலேஷனில் வெப்பநிலை: பேனல் சூட்டைச் சரியாகக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

வெயில் என்ற ஒரே சொல்லில் ஒளியையும் சூட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். சோலார் பேனலுக்கு அவை இரண்டும் எதிரெதிர். ஒளி கூடினால் மின்சாரம் கூடும், சூடு கூடினால் குறையும். கத்திரி வெயிலில் மீட்டர் பறக்கும் என்று நினைத்தவர்கள், மார்ச் மாத யூனிட்டை மே மாதம் தாண்டவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

பேனலின் உற்பத்தியை முன்கூட்டியே கணிக்கும் சிமுலேஷன் மென்பொருள் இந்த இழப்பைத் தானாகவே கணக்கிட்டுவிடும். ஆனால் நாம் தரும் இரண்டு மூன்று உள்ளீடுகளைப் பொறுத்து, ஒரே கூரைக்கு ஒரே பேனலின் இழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை மாறக்கூடும். பெரும்பாலானோர் பேனலின் வெப்பநிலைக் குணகத்தை, அதாவது ஒரு டிகிரிக்குத் திறன் எத்தனை சதவீதம் மாறும் என்ற எண்ணை, பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, பேனல் எப்படிப் பொருத்தப்படுகிறது என்ற இடத்தில் மென்பொருள் வைத்திருக்கும் இயல்பு மதிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிழையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

படி 1: டேட்டாஷீட்டில் எடுக்க வேண்டிய எண்கள்

பேனலில் அச்சிட்டிருக்கும் 550 வாட் என்பது சோதனைக்கூட நிலையில் அளந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். அந்த 25 டிகிரி செல்லுக்கு உரியது, சுற்றியுள்ள காற்றுக்கு உரியதல்ல. சென்னையில் உச்சி வெயிலில் எந்தப் பேனலின் செல்லும் 25 டிகிரியில் இருக்காது.

தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் மூன்று குணகங்கள் இருக்கும். திறனுக்கான குணகம், மோனோ பெர்க் பேனல்களில் ஒரு டிகிரிக்கு சுமார் −0.35%, டாப்கானில் சுமார் −0.30%, எச்ஜேடி வகையில் சுமார் −0.25%. பழைய பாலி பேனல்களில் −0.40-ஐத் தாண்டும். திறந்த சுற்று மின்னழுத்தத்தின் (பேனலில் எதையும் இணைக்காதபோது உள்ள மின்னழுத்தம்) குணகம் −0.25 முதல் −0.30% வரை. குறுக்குச் சுற்று மின்னோட்டத்தின் (இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் ஓடுவது) குணகம் மட்டும் நேர்மறை, சுமார் +0.045%. சூட்டில் மின்னோட்டம் துளி கூடுகிறது, மின்னழுத்தம் அதைவிடப் பலமடங்கு விழுகிறது. நிகர விளைவு இழப்பு.

நான்காவதாக இயல்பு இயக்க வெப்பநிலை ஒன்று இருக்கும். ச.மீ.-க்கு 800 வாட் ஒளி, 20 டிகிரி காற்று, நொடிக்கு 1 மீட்டர் காற்றோட்டம், பின்புறம் திறந்த ஸ்ட்ரக்சர் என்ற நிலையில் பேனல் எட்டும் சூடு அது. பெரும்பாலும் 41 முதல் 47-க்குள் இருக்கும். பழைய முறையில் (என்ஓசிடி) பேனலிலிருந்து மின்சாரம் எடுக்காமல் அளந்தார்கள். பேனல் சோதனைக்கான ஐஇசி 61215 தரத்தின் 2016 பதிப்பு, அதிகபட்சத் திறனில் மின்சாரம் எடுத்துக்கொண்டே அளக்கச் சொன்னது (என்எம்ஓடி). ஒளியின் ஒரு பகுதி மின்சாரமாக வெளியேறிவிடுவதால் புதிய எண் சற்றுக் குறைவாக வரும். டேட்டாஷீட்டில் இருப்பது எது என்று பார்த்து, மென்பொருள் கேட்பதும் அதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 2: மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கைக்கணக்கு

மிக எளிய சூத்திரம் இது:

செல் வெப்பநிலை = காற்றின் வெப்பநிலை + (இயல்பு இயக்க வெப்பநிலை − 20) ÷ 800 × ஒளி

மே மாத நடுப்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்று 38 டிகிரி, பேனல் தளத்தில் விழும் ஒளி 950 வாட், இயல்பு இயக்க வெப்பநிலை 45. செல்லின் சூடு 38 + 29.7 = 67.7 டிகிரி. 25-ஐக் கழித்தால் 42.7. அதை 0.35-ஆல் பெருக்கினால் இழப்பு 14.9%. 550 வாட் பேனல் தருவது 550 × 0.95 × 0.851, அதாவது சுமார் 444 வாட்.

அதே பேனல், ஜனவரி நடுப்பகல்: காற்று 28 டிகிரி, ஒளி 850 வாட். செல் 54.6 டிகிரி, இழப்பு 10.3%, திறன் சுமார் 419 வாட். ஜனவரியிலிருந்து மேக்கு ஒளி 12% கூடியது. மின்சாரம் 6% மட்டுமே கூடியது. மீதியைச் சூடு தின்றுவிட்டது.

இந்த இரண்டு மணி நேரங்களையும் ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் மணிவாரி முடிவில் இதே ஒளியும் இதே காற்று வெப்பநிலையும் உள்ள ஒரு மணி நேரத்தைத் தேடி ஒப்பிட்டால், உள்ளீட்டில் ஏதாவது தவறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

படி 3: பொருத்தும் முறை, அதாவது பேனலின் முதுகு

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பேனலின் முன்புறமும் பின்புறமும் காற்றால் குளிர்கின்றன. பின்புறத்தில் காற்று ஓடவில்லை என்றால் வெப்பம் வெளியேறும் வழியில் பெரும்பகுதி அடைபட்டுப் போகிறது. சோலார் சிமுலேஷன் மென்பொருளான பிவிசிஸ்ட் இதை வெப்ப இழப்புக் காரணி என்ற ஒரே எண்ணில் அடக்குகிறது. ச.மீ.-க்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே அந்த எண். அதன் கணக்கு:

செல் வெப்பநிலை = காற்றின் வெப்பநிலை + 0.9 × ஒளி × (1 − பேனல் செயல்திறன்) ÷ வெப்ப இழப்புக் காரணி

இதில் 0.9 என்பது பேனல் உறிஞ்சும் ஒளியின் பங்கு. காரணிக்கு, சுற்றிலும் காற்றோட்டம் உள்ள ஸ்ட்ரக்சருக்கு 29, பின்னால் காற்று போக வழியுள்ள அரைகுறைப் பொருத்தத்துக்கு 20, பின்புறம் முழுக்க அடைபட்டதற்கு 15 என்பவை அந்த மென்பொருள் முன்வைக்கும் மதிப்புகள். நம் மே நடுப்பகலையே 21% செயல்திறனோடு போட்டுப் பார்ப்போம்:

காரணி 29: செல் 61.3 டிகிரி, இழப்பு 12.7%
காரணி 20: செல் 71.8 டிகிரி, இழப்பு 16.4%
காரணி 15: செல் 83.0 டிகிரி, இழப்பு 20.3%

29-க்கும் 15-க்கும் இடையே 7.6 சதவீதப் புள்ளிகள். இதோடு ஒப்பிட, 29-ஐ அப்படியே வைத்துக்கொண்டு −0.35 பேனலை விட்டு −0.29 பேனலை வாங்கினால் கிடைப்பது 2.2 புள்ளிகள்தான். விலை கூடிய பேனலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அதன் முதுகுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோமா என்று பார்ப்பது லாபம்.

தமிழ்நாட்டுக் கூரைகளில் இதை எப்படித் தேர்ந்தெடுப்பது? மொட்டை மாடியில் ஆள் நடமாடும் உயரத்துக்கு ஜிஐ தூண்கள் நிறுத்தி மேலே பேனல் போடும் எலிவேட்டட் ஸ்ட்ரக்சருக்கு 29 நியாயமானது. தளத்தை ஒட்டிச் சிறு சாய்வில், கைப்பிடிச்சுவருக்குள் ஒதுங்கி நிற்கும் வரிசைகளுக்கு 29 சற்றுத் தாராளம். 25-க்கு இறக்கி ஓட்டுவது பாதுகாப்பு. கோவை, திருப்பூர் ஆலைகளின் ஷீட் கூரையில் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டுப் பொருத்தினால் 20. மினி ரெயில் என்ற குட்டைத் தாங்கியில் ஷீட்டோடு ஷீட்டாகப் படுத்திருந்தால் 15-க்கும் 18-க்கும் இடையே. ஷீட் கூரை தானே கொதிப்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சூட்டுக்காற்று போக வழியில்லாமல் பேனலுக்கு அடியிலேயே தேங்கும்.

அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் உருவாக்கிய சாம் மென்பொருளில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். அங்கே கூரைக்கும் பேனலுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டு, இயல்பு இயக்க வெப்பநிலையோடு கூட்டும். மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் எதுவும் கூட்டாது. இரண்டரை முதல் மூன்றரை வரை 2 டிகிரி, ஒன்றரை முதல் இரண்டரை வரை 6 டிகிரி, அரை முதல் ஒன்றரை வரை 11 டிகிரி, அரை அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் 18 டிகிரி. ஓர் அங்குல இடைவெளிக்கு 45 என்பது 56 ஆகிறது. நம் மே நடுப்பகலில் செல் 80.8 டிகிரிக்குப் போகிறது. பிவிசிஸ்ட் 15-க்குத் தந்த 83-க்கு இது பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு வழிகள் இப்படி ஒத்துவருவது நல்ல அறிகுறி. பத்து டிகிரிக்கு மேல் விலகினால் ஏதோ ஓர் உள்ளீடு தவறு.

படி 4: காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலைப் பக்கம் வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை, பேனல்களையும் குளிர வைக்கிறது. அந்தப் பகுதிக்குக் காற்றைக் கணக்கில் எடுக்காமல் ஓட்டும் சிமுலேஷன் அந்த மாதங்களின் உற்பத்தியைக் குறைத்தே காட்டும்.

காற்றால் பேனலின் சூடு எவ்வளவு குறையும் என்பது கணக்கிடும் மாதிரியைப் பொறுத்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் மாதிரியில், பின்புறம் பிளாஸ்டிக் ஷீட் உள்ள பேனல், திறந்த ஸ்ட்ரக்சர், நம் மே நடுப்பகல் நிலை என்று வைத்தால், நொடிக்கு 1 மீட்டர் காற்றில் செல் சுமார் 66 டிகிரி, 5 மீட்டர் காற்றில் சுமார் 59 டிகிரி. பிவிசிஸ்டில் வெப்ப இழப்புக் காரணியின் நிலையான பகுதி 25, காற்றின் வேகத்தால் பெருக்கிக் கூட்டும் காற்றுப் பகுதி 1.2 என்று வைத்தால் அதே மாற்றம் 63.8-இலிருந்து 59.8 வரைதான். முதலாவதில் ஆறரை டிகிரி, இரண்டாவதில் நான்கு.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, காற்று அளந்த உயரம். மென்பொருளுக்குத் தரும் மணிவாரி வானிலைக் கோப்பில் இருப்பது பெரும்பாலும் 10 மீட்டர் உயரக் காற்று. சாண்டியா மாதிரியும் 10 மீட்டர் காற்றையே கேட்கிறது, அதனால் மாற்றாமல் கொடுக்கலாம். ஆனால் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் இன்னொரு மாதிரியான ஃபைமன் மாதிரியின் 25 (நிலையான பகுதி), 6.84 (காற்றுப் பகுதி) என்ற இணையைப் பைத்தான் நூலகமான பிவிலிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, அதில் 10 மீட்டர் காற்றைப் போட்டால் பேனல் பொய்யாகக் குளிர்ந்துவிடும். ஒரு காரணி எந்த உயரக் காற்றுக்கு அளக்கப்பட்டதோ அதே உயரக் காற்றைத்தான் கொடுக்க வேண்டும். வீடுகள் நெருங்கிய பகுதியில் 10 மீட்டர் காற்று, 3 மீட்டர் உயரத்தில் சுமார் முக்கால் பங்காகிவிடும். இரண்டு, ஒரு மாதிரியின் காரணியை இன்னொரு மாதிரியில் ஒட்டவைப்பது. ஃபைமனின் 6.84-ஐ பிவிசிஸ்டின் காற்றுப் பகுதிக் கட்டத்தில் எழுதினால் முடிவு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. காற்றுத் தரவில் நம்பிக்கை இல்லையென்றால் காற்றுப் பகுதியைச் சுழியமாக்கி, நிலையான 29 அல்லது 20-ஓடு ஓட்டுவதே மேல்.

படி 5: வானிலைக் கோப்பைச் சோதித்தல்

சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 29 டிகிரியை ஒட்டியது. அதிலிருந்து 25-ஐக் கழித்து, 4 டிகிரிக்கு ஒன்றரை சதவீத இழப்புதான் என்று எழுதிய திட்ட அறிக்கைகள் உண்டு. அது இரவையும் சேர்த்த சராசரி. செல்லின் சூடு அதில் இல்லவே இல்லை. சரியான கணக்கு, ஒவ்வொரு மணி நேரத்தின் செல் வெப்பநிலையையும் அந்த மணி நேரத்து ஒளியால் எடையிட்டுச் சராசரி எடுப்பது. ஒளி எடையிட்ட பகல் காற்று 31 டிகிரி, எடையிட்ட ஒளி 650 வாட் என்று வைத்துப் பாருங்கள். காரணி 29-இல் இழப்பு 7.7%, 20-இல் 10.2%, 15-இல் 12.9%. உங்கள் சமவெளி ஊருக்கு மென்பொருள் ஆண்டு இழப்பாக 2% காட்டினாலோ 20% காட்டினாலோ, எங்கோ பிழை.

கடற்கரை ஊர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. செயற்கைக்கோள் தரவுகளும், பழைய அளவீடுகளை வானிலை மாதிரியோடு சேர்த்துத் தயாரிக்கும் மறுபகுப்பாய்வுத் தரவுகளும் பெரிய சதுரங்களாக வரும். சதுரத்தின் பாதி கடலில் இருந்தால் பகல் வெப்பநிலை மட்டுப்பட்டுத் தெரியும். உள்ளூர் வானிலை நிலையத்தின் மே மாத அதிகபட்ச வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிகிரிப் பிழையும் 0.35% உற்பத்திப் பிழை.

நேரக் குறிப்பையும் பாருங்கள். நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. முழு மணி மட்டுமே ஏற்கும் கோப்புகளில் அந்த அரை மணி நழுவிவிடும். ஒளியின் உச்சம் நண்பகலில், வெப்பத்தின் உச்சம் பிற்பகலில். சென்னையிலோ நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்து அந்த ஒழுங்கையே மாற்றிவிடுகிறது. ஒளிக்கும் வெப்பநிலைக்கும் வெவ்வேறு மூலங்களிலிருந்து தரவு எடுத்து ஒட்டினால், இந்த நேரப் பொருத்தத்தைத் தெளிவான நாள் ஒன்றின் வரைபடத்தில் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

படி 6: எனர்ஜிபிளஸில் கட்டடத்தோடு சேர்த்து ஓட்டும்போது

கட்டட ஆற்றல் சிமுலேஷன் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கட்டடத்தின் ஆற்றல் பயன்பாட்டைக் கணக்கிடும் மென்பொருளான எனர்ஜிபிளஸில் பேனலுக்கு மூன்று செயல்திறன் மாதிரிகள் உண்டு: சிம்பிள், ஒற்றை டையோடு, சாண்டியா. சிம்பிள் மாதிரியில் செயல்திறனை 0.21 என்று எழுதினால், செல் 25 டிகிரியில் இருந்தாலும் 75-இல் இருந்தாலும் அதே 0.21 தான். வெப்பநிலை இழப்பு அதில் கிடையாது. நம் ஊருக்கு உற்பத்தி பத்து சதவீதம் அளவுக்கு மிகையாக வருவதற்கு இதுவே போதும்.

சிம்பிள் மாதிரியையே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால், செயல்திறனை நிலையான எண்ணாக இல்லாமல் அட்டவணையாகக் கொடுக்கலாம். படி 3-இன் சூத்திரத்தால் மணிவாரி செயல்திறனை வெளியே கணக்கிட்டு, அந்த 8760 மதிப்புகளையும் அட்டவணையாக ஊட்டுங்கள்.

ஒற்றை டையோடு மாதிரிதான் நல்ல தேர்வு. ஆனால் அது குணகங்களைச் சதவீதத்தில் கேட்பதில்லை. டிகிரிக்கு வோல்ட், டிகிரிக்கு ஆம்பியர் என்று கேட்கிறது. 49.8 வோல்ட் பேனலுக்கு −0.27% என்றால் எழுத வேண்டியது −0.134. 14 ஆம்பியருக்கு +0.045% என்றால் 0.0063. டேட்டாஷீட்டின் −0.27-ஐ அப்படியே எழுதினால் மின்னழுத்த இழப்பு இரண்டு மடங்காகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அடுத்து, செல் சூடு எங்கிருந்து வருகிறது என்ற தேர்வு. தனித்து இயங்கும் முறை, இயல்பு இயக்க வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுகிறது. எலிவேட்டட் ஸ்ட்ரக்சருக்கு அதுவே பொருத்தம். கூரைப் பரப்போடு இணைந்த முறை, அந்தப் பரப்பின் வெளிமுக வெப்பநிலையைச் செல் வெப்பநிலையாக எடுத்து, மின்சாரமாகப் போன ஆற்றலைப் பரப்பின் வெப்பக் கணக்கிலிருந்து கழிக்கிறது. சுவரோடும் கூரையோடும் ஒட்டிய பேனலுக்குத்தான் அது சரி. எலிவேட்டட் பேனலைக் கூரைப் பரப்பிலேயே வைத்துவிட்டால், கூரைக்குக் கிடைக்கும் நிழல் கணக்கில் வராது, மேல்மாடி ஏசி சுமை மிகையாகும். பேனலை நிழல் தரும் தனிப் பரப்பாக வரையுங்கள்.

படி 7: ஸ்ட்ரிங்கின் மின்னழுத்தம்

ஸ்ட்ரிங் என்பது தொடராக இணைத்த பேனல்களின் வரிசை. ஆண்டு உற்பத்தி சரியாக வந்தும் தளத்தில் இன்வெர்ட்டர் தகராறு செய்தால், காரணம் பெரும்பாலும் இங்கே. குளிர் அதிகாலைதான் மின்னழுத்தத்தின் உச்சம். அதிகபட்சம் 1000 வோல்ட் ஏற்கும் இன்வெர்ட்டரும் மேலே சொன்ன 49.8 வோல்ட் பேனலும் என்று வைப்போம். சென்னையில் குறைந்தபட்சம் 15 டிகிரி என்று எடுத்தால் ஒரு பேனல் 51.1 வோல்ட், ஸ்ட்ரிங்கில் 19 வரை போகலாம். உறைபனி விழும் உதகையில் 0 டிகிரிக்கு 53.2 வோல்ட், 18-ஐத் தாண்டக் கூடாது. சென்னை வடிவமைப்பை மலைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இன்வெர்ட்டரின் உள்ளீடு சேதமாகக்கூடும்.

சூட்டுப் பக்கம் சிறிய வீட்டு அமைப்புகளுக்கு ஆபத்து. 6 பேனல், அதிகபட்சத் திறன் தரும் புள்ளியில் ஒவ்வொன்றும் 42 வோல்ட், மொத்தம் 252. இன்வெர்ட்டர் அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் எம்பிபிடி எல்லை 220-இல் தொடங்குகிறது என்றால் தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். செல் 75 டிகிரிக்குப் போகும்போது, டிகிரிக்கு −0.35% என்று வைத்தால், ஒவ்வொன்றும் சுமார் 34.7 வோல்ட், மொத்தம் 208. உச்சி வெயிலில், அதாவது அதிகம் கிடைக்க வேண்டிய நேரத்தில், இன்வெர்ட்டர் சரியான புள்ளியைப் பிடிக்க முடியாமல் நிற்கும். படி 3-இல் காரணியை 29 என்று தாராளமாக எழுதியிருந்தால் சிமுலேஷன் இதைக் காட்டவே காட்டாது.

படி 8: இரட்டைக் கழிவு

இணையத்தில் உள்ள சோலார் கணிப்பானான பிவிவாட்ஸில் இயல்பாக இருக்கும் சுமார் 14% அமைப்பு இழப்பில் அழுக்கு, நிழல், கம்பி இழப்பு போன்றவை உண்டு. வெப்பநிலை அதில் இல்லை, தனியாகக் கணக்கிடப்படுகிறது. சூடான ஊராயிற்றே என்று 14-ஐ 24 ஆக்கினால் ஒரே இழப்பை இரண்டு முறை கழிக்கிறீர்கள். நிமிடவாரித் தரவு வைத்து ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேகம் விலகியதும் பேனல் உடனே சூடாகாது, சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நிமிடங்களில் உண்மையான திறன் மாதிரி சொல்வதைவிட அதிகம். மணிவாரி ஓட்டத்துக்கு இது பொருட்டல்ல.

படி 9: தளத்தில் அளந்து காரணியைத் திருத்துதல்

பேனல் ஏறிய பிறகு ஊகத்துக்கு வேலையில்லை. வெப்பநிலை அளக்கும் ஒரு பிடி1000 சென்சாரைப் பேனலின் பின்புறம், நடுப்பகுதியில் உள்ள ஒரு செல்லின் மையத்துக்கு நேராக, வெப்பம் கடத்தும் பசையோடு ஒட்டுங்கள். சட்டத்தின் ஓரம் குளிர்ந்திருக்கும், அங்கே ஒட்டக் கூடாது. கண்ணாடியின் மேல் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டி அளந்தால் வானத்தின் பிரதிபலிப்பும் கலந்து குறைவான எண் வரும். ஒளிச் சென்சார் பேனலின் அதே சாய்வில் இருக்க வேண்டும். காற்று வெப்பநிலைச் சென்சார் நிழலில், தளத்தின் சூடு தாக்காத உயரத்தில்.

குறைந்தது மூன்று நான்கு வாரத் தரவில், ஒளி 600 வாட்டுக்கு மேலுள்ள, மேகமில்லாத நேரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த ஸ்ட்ரக்சரில் பின்புறச் சூட்டோடு, 1000 வாட்டுக்கு 3 டிகிரி என்ற விகிதத்தில் கூட்டினால் செல் சூடு கிடைக்கும். அதிலிருந்து காற்றின் வெப்பநிலையைக் கழித்து ஒளியால் வகுங்கள். 21% பேனலுக்கு, 0.711-ஐ (படி 3-இன் 0.9 × 0.79) அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் கூரையின் உண்மையான காரணி. சராசரி 0.030 வந்தால் காரணி 23.7. அதைச் சிமுலேஷனில் இட்டு மறுபடி ஓட்டி, மாதவாரியாக மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் விலகல் இருந்தால் காரணியை இன்னும் திருத்த வேண்டும். எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் விலகினால், வெப்பநிலையை விட்டுவிட்டு அழுக்கையும் கம்பி இழப்பையும் தேடுங்கள்.